செவ்வாய்க்கு வழி சொன்ன நாகையா

உலகத்தில் வண்டி ஓட்டுகிறவர்கள், வண்டியில் போகிறவர்கள் தவிர மூன்றாவதாக ஓர் இனம் உண்டு: வண்டி எப்படி ஓட வேண்டும் என்று விளக்குகிறவர்கள். ருஷ்யாக்காரர் ஒருவர் பூமியைச் சுற்றிவிட்டு இறங்கிய வருஷம், எங்கள் சிவகாசிப் பக்கத்தில் இந்த இனம் மழைக்கால ஈசலாகப் பெருகியது. அதில் தலையாயவர் நாகையா. பட்டாசுக் கம்பெனியில் கணக்கர். பேப்பரை வரி விடாமல் படிப்பவர். ஒரு வாணத்தைக்கூடத் தன் கையால் பற்றவைத்ததில்லை. அதனாலென்ன? செவ்வாய்க் கிரகத்துக்கு வழி சொல்ல அதெல்லாம் வேண்டுமா?

அன்று ஏழாயிரம்பண்ணையிலிருந்து சாத்தூர் போகும் பஸ்ஸில் பொன்னுத்தங்கம் பிரசவ வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் தாய் கருப்பம்மாள். முன் சீட்டில் நாகையா, கண்டக்டருக்கு விண்வெளியைப் போதித்துக்கொண்டிருந்தார்.

"வாணத்துல அடைக்கிற கருமருந்து ஒரே மூச்சுய்யா, செவ்வாய்க்குக் காணாது. எண்ணெயை எரிச்சா வேகம் உண்டு. ஆனா டாங்கி மலையாட்டம் வேணும். அணுசக்தின்னா..."

பொட்டல்காட்டில் எஞ்சின் அணைந்தது. முடுக்கினால் முனகக்கூட இல்லை.

"எல்லாரும் எறங்கித் தள்ளுங்க!" என்றார் டிரைவர்.

தீப்பெட்டிக் கம்பெனிக்குப் போகும் பெண்கள் குதித்து இறங்கினார்கள். நாகையாவும் இறங்கினார். இறங்கி, ஒரு வேலமர நிழலைத் தேர்ந்தெடுத்தார்.

"ஒரே தள்ளாத் தள்ளப்படாது. எறும்பு மாதிரி மெல்ல, ஆனா நிப்பாட்டாமத் தள்ளணும். மின்சார ராக்கெட்டுக்கு அதான் சூட்சுமம். வருசக்கணக்குல..."

உள்ளே பொன்னுத்தங்கம் அலறினாள். கருப்பம்மாள் ஜன்னலில் தலையை நீட்டினாள்.

"ஐயா, எம்மகளுக்கு வருசக்கணக்கெல்லாம் தாங்காது. நீங்களும் ஒரு கை குடுங்கய்யா!"

நாகையாவின் மனம் இளகிற்று.

"பதறாதீக தாயி. பாய்மரம் மாதிரி பாயை விரிச்சா சூரிய வெளிச்சமே ஆகாயக் கப்பலைத் தள்ளும்னு..." கண்களை மூடிக்கொண்டார். பெரிய விஷயங்களை வேறெப்படிச் சொல்வது?

திறந்தபோது புழுதிதான் இருந்தது. பெண்கள் மூச்சைப் பிடித்துத் தள்ளியதில் எஞ்சின் உயிர்பெற, அவர்கள் ஓடி ஓடித் தொற்றிக்கொள்ள, பஸ் சாத்தூர் ஆஸ்பத்திரி வாசலில் போய்த்தான் நின்றது. பெண் குழந்தை. இருவரும் சுகம்.

வெயிலில் நடந்தே வந்து சேர்ந்த நாகையா நேரே ஆஸ்பத்திரிக்குப் போனார். வந்தவர்களுக்கெல்லாம் கருப்பம்மாள் சீனி கொடுத்துக்கொண்டிருந்தாள். கையை நீட்டினார்.

"பாத்தீகளா? நான் சொன்ன மாதிரி தள்ளப்போயித்தான..."

"ஆமய்யா. வாயை மூடிக்கிட்டுத் தின்னுங்க."

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால், 'அந்த டிரைவர் கிளம்பும்போதே பேட்டரியைப் பார்த்திருக்க வேண்டும்' என்று பக்கத்திலிருப்பவரிடம் விளக்க ஆரம்பித்துவிட்டீர்களே, அதைக் கவனித்தீர்களா?