சபையோர் என்கிற ஒருவர்

பொது நூலகத்துக்குப் புத்தகம் எடுக்க வருகிறவர்கள் உண்டு. பத்திரிகையை விரித்து அதற்குப் பின்னால் தூங்க வருகிறவர்கள் உண்டு. மழைக்கு ஒதுங்கிவிட்டு, மழை விட்டதும் நல்ல பிள்ளையாகப் போய்விடுகிறவர்களும் உண்டு. இவர்களையெல்லாம் உங்களுக்குத் தெரியும். இங்கே சொல்ல வந்தது வேறொரு இனம். இலவச நிகழ்ச்சிக்காரர் என்று பெயர்.

அறிவிப்புப் பலகையில் ‘அனைவரும் வருக, அனுமதி இலவசம்’ என்று ஒரு காகிதம் ஒட்டினால் போதும், அது தன்னைத் தனியாகக் கூப்பிடுகிறது என்று நினைத்துக்கொள்கிற பிறவி அவர். தலைப்பு என்ன? யாருக்கு வேண்டும் தலைப்பு! வக்கீல் வந்தால் உயில், மருத்துவர் வந்தால் மூட்டுவலி, யாரும் வராவிட்டால் காகிதத்தில் கொக்கு மடித்தல். வரிசையாக நாற்காலி, பின்னால் ஒரு மேஜையில் தேநீர், முன்னால் யாராவது ஒருவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

இந்த இனத்தில் முழு வளர்ச்சி பெற்ற ஒருவரைப் பாருங்கள். பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நூலக ஊழியர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் சபையோர். ஒருமுறை தேனீ வளர்ப்புப் பேச்சுக்கு இவர் ஒருவரே வந்திருக்க, பேச்சாளர் மனம் தளராமல் “சபையோர் அனைவருக்கும் வணக்கம்” என்று தொடங்கினார். இவரும் எல்லோர் சார்பிலும் எழுந்து நின்று கும்பிட்டார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர்.

“தேனீயை எங்க வளக்கப் போறீங்க? குளியலறையிலயா?” என்று கேட்டாள் மனைவி.

“வளக்கறதுக்கு இல்லம்மா. தெரிஞ்சுக்கறதுக்கு.”

“தெரிஞ்சுக்கிட்டு?”

“அடுத்த வாரம் பத்திரம் பதியறதப் பத்திப் பேசறாங்க.”

மனைவி அதற்கு மேல் கேட்கவில்லை. அவர் வீட்டில் இல்லாத மாலைப்பொழுதுகள் அவளுக்கும் பிடித்துத்தான் இருந்தன.

சபையோர் போகாத வகுப்பு கிடையாது. முதல் பிரசவத்துக்குக் காத்திருக்கும் தாய்மார்களோடு உட்கார்ந்து மூச்சுப் பயிற்சி செய்திருக்கிறார். கைக்குழந்தையைக் குளிப்பாட்டும் வகுப்பில் ரப்பர் பொம்மையை இவர் தேய்த்த தேய்ப்பில் அதன் ஒரு காது கையோடு வந்துவிட்டது. முதல் வேலை தேடும் இளைஞர்களுக்கான பயிற்சியில், ‘ஐந்து வருடம் கழித்து நீங்கள் எங்கே இருப்பீர்கள்?’ என்ற கேள்விக்கு, “கடவுள் புண்ணியத்துல இதே நாற்காலியிலதான்” என்று பதில் சொன்னவர். ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கான கதை நேரத்திலும் பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். பின்னாலிருந்த ஒரு வாண்டு, “தாத்தா, மறைக்குது” என்றது. இவர் நகரவில்லை. கதை முடிந்ததும் கையைத் தூக்கினார்.

ஆம், கை! அந்தக் கையைப் பற்றிச் சொல்லாமல் சபையோரைப் பற்றிச் சொல்ல முடியுமா? பேச்சாளர் ‘நன்றி’யில் ‘ந’ சொல்லும்போதே அது மேலே போய்விடும். ஒலிவாங்கி கைக்கு வந்ததும் இரண்டு தட்டு தட்டி, “கேக்குதா?” என்பார்; கேட்காதவர்கள் அதிர்ஷ்டசாலிகள். “எனக்கு ஒரு சின்னக் கேள்வி. அதுக்கு முன்னாடி கொஞ்சம் பின்னணி சொல்லிடறேன்” என்று ஆரம்பித்து, பேருந்து நிலையத்தில் தான் சேர்ந்த வருடம், அப்போதிருந்த மேலாளரின் கோபம், அந்தக் கோபத்துக்கும் அவருடைய வயிற்றுப்புண்ணுக்கும் இருந்த தொடர்பு, தன் மைத்துனர் படியில் வழுக்கிய கதை, அந்தப் படியைக் கட்டிய மேஸ்திரி இப்போது எங்கே இருக்கிறார் என்பதுவரை போய், மூச்சு வாங்க நின்று, “அப்ப, நான் சொல்றது சரிதானே?” என்று முடிப்பார். மூட்டுவலி மருத்துவர் என்ன செய்வார், பாவம்? எது சரி என்றே தெரியாமல் “சரிதான்” என்பார். சபையோர் உட்காருவார். உலகத்தில் ஒரு சந்தேகம் குறைந்துவிட்ட நிம்மதி அவர் முகத்தில் தெரியும்.

நிகழ்ச்சிகளையெல்லாம் நடத்துகிற பொறுப்பாளர் ஓர் இளம்பெண். பேச்சாளர்களைக் கெஞ்சிக் கூப்பிடுவதும் அவள்தான், நாற்காலிகளை இழுத்துப் போடுவதும் அவள்தான். சபையோர் கையைத் தூக்கும்போது அவளுக்கு எரிச்சல் வரும். யாருமே வராத நாளில் அவர் தலை வாசலில் தெரியும்போது அழுகையே வரும், நன்றியில். அந்தப் பெண்ணின் தலைக்கு மேல் இப்போது கத்தி தொங்கியது. கூட்டம் சேராத நிகழ்ச்சிகளை அடியோடு நிறுத்திவிட்டு, கூடத்தை நிறுவனங்களுக்கு வாடகைக்கு விடுவது என்று நூலகக் குழுவில் பேச்சு எழுந்திருந்தது. நிறுத்திவிட்டால் அவளுக்கு நிலவறையில் பழைய புத்தகங்களுக்குச் சீட்டு ஒட்டுகிற வேலை. சனிக்கிழமை முடிவு.

அந்தச் சனிக்கிழமை நிகழ்ச்சி எதுவும் இல்லை. ஆனால் சபையோரின் கால்களுக்கு அது தெரியாதே! வழக்கம்போல் வந்தார். கூடம் பூட்டியிருந்தது. அவர் வாழ்க்கையில் இப்படி ஓர் அதிர்ச்சி நேர்ந்ததில்லை. தடுமாறி மாடிப்படி ஏறினார். அங்கே ஓர் அறை திறந்திருந்தது. நாற்காலிகள். தேநீர். தட்டில் பிஸ்கட், அதுவும் நடுவில் கிரீம் வைத்தது. உள்ளே போய் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

அங்கே கூடியிருந்த நூலகக் குழுவின் தலைவர், இவரைத் தலைமை அலுவலகத்து ஆள் என்று நினைத்தார். பொருளாளர், அவர் தலைவருக்கு வேண்டியவர் என்று நினைத்தார். யாராவது அவரை யார் என்று கேட்டிருக்கலாம். கேட்டால் நமக்குத் தெரியவில்லை என்று ஆகிவிடுமே! எனவே எல்லோரும் அவரைப் பார்த்து மரியாதையாகத் தலையாட்டினார்கள்.

சபையோருக்கோ விஷயம் உடனே புரிந்துவிட்டது. ‘கூட்டம் நடத்துவது எப்படி’ என்ற பயிற்சி வகுப்பு இது. நடித்துக் காட்டுகிறார்கள். என்ன நடிப்பு! தலைவராக வந்தவர் அசல் தலைவர் மாதிரியே கேட்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். பொருளாளராக வந்தவர், “போன மாசம் பாதி நிகழ்ச்சிக்கு ஒரே ஒரு ஆள்தான் வந்திருக்காரு. அந்த ஒரு ஆளுக்காக நாம விளக்கு போடணுமா?” என்று மேஜையைத் தட்டினார். சபையோரும் உணர்ச்சிவசப்பட்டு, “அநியாயம்!” என்றார். பொறுப்பாளர் பெண் எழுந்து பேசினாள். பாதியில் அவள் குரல் உடைந்தது. இந்தப் பெண்ணுக்கு இப்படி ஒரு திறமையா என்று அவர் அசந்துபோய் இன்னொரு பிஸ்கட் எடுத்துக்கொண்டார்.

“அப்ப முடிவு செஞ்சிடலாம். நிறுத்தறதுதான் நல்லதுன்னு படுது. யாருக்காவது ஏதாவது கேக்கணுமா?” என்றார் தலைவர்.

பொறுப்பாளர் கண்ணை மூடிக்கொண்டாள். கை மேலே போயிருந்தது.

“எனக்கு ஒரு சின்னக் கேள்வி.”

பின்னணி தொடங்கியது. பேருந்து நிலையம் வந்தது. மேலாளர் கோபப்பட்டார். மைத்துனர் வழுக்கினார். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அது ஓடுகிறதா என்று காதில் வைத்துப் பார்த்தார். மேஸ்திரியின் இரண்டாவது மகளுக்கு வரன் தேடுகிற கட்டம் வந்தபோது பொருளாளர் மெதுவாகத் தலையை மேஜைமேல் சாய்த்தார். தேநீரில் ஆடை படிந்தது.

“யாரும்மா இவரு?” என்று தலைவர் பொறுப்பாளரிடம் கிசுகிசுத்தார்.

“எல்லா நிகழ்ச்சிக்கும் வர்ற அந்த ஒரு ஆள், சார்.”

“இங்க ஏன் வந்தாரு?”

“இன்னைக்குக் கீழ நிகழ்ச்சி இல்ல. அதான்.”

தலைவர் யோசித்தார். “அப்ப, நிகழ்ச்சிய நிறுத்திட்டோம்னா…”

“எங்கயாவது நாற்காலி போட்டிருக்குமான்னு பாப்பாரு. ஒவ்வொரு சனிக்கிழமையும் நம்ம கமிட்டி கூடுது, சார்.”

அறையில் ஒரு நடுக்கம் ஓடியது. பொருளாளர் நிமிர்ந்தார். நூலகக் குழுவின் வரலாற்றில் ஒரு கை தாழாமல், ஒரு வார்த்தை கூடாமல் நிறைவேறிய தீர்மானம் அது ஒன்றுதான்: இலவச நிகழ்ச்சிகள் தொடரும், சனிக்கிழமைகளில் கட்டாயம் தொடரும், தேவைப்பட்டால் இரண்டாக.

பொறுப்பாளர் இந்த முறை நிஜமாகவே அழுதாள். ஓடிவந்து சபையோரின் கையைப் பிடித்துக்கொண்டு, “ரொம்ப நன்றி, ஐயா” என்றாள்.

“நீ நல்லா செஞ்சேம்மா. எல்லாருமே பிரமாதம்” என்றார் அவர். “கடைசிதான் கொஞ்சம் நம்பற மாதிரி இல்ல. நிஜக் கமிட்டி இவ்வளவு சீக்கிரம் முடிவெடுக்குமா?”

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், அதுவும் இலவசம்தான். ஆனால் ஒன்று. தேனீயும் வளர்க்காத, கமிட்டியிலும் இல்லாத நீங்கள், அடுப்பில் பால் இருக்க, தொலைபேசி இரண்டுமுறை அடித்து ஓய, யாரோ ஒருவரைப் பற்றி யாரோ எழுதியதை ஆரம்பித்துவிட்டோமே என்பதற்காகவே இந்தக் கடைசி வரிவரை உட்கார்ந்திருந்தீர்களே, அதற்கு என்ன பெயர்? எதற்கும் கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள். பின்னால் இருக்கிறவர்களுக்கு மறைக்கிறது.