கமா அண்ணனின் நாலு வினாடி

கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணாக மாற்றாமல் விடாத மனிதர் நெய்வேலியின் அத்தனை பிளாக்கிலும் ஒருவர்தான்: எங்கள் கமா அண்ணன்.

அலாரப் பெட்டி செய்யும் சின்னப் பட்டறையில் அவரோடு வேலை பார்த்தேன். பெட்டிக்குள் இருக்கும் சிப்புக்கு ஒலி ஃபைலை அப்படியே கொடுத்தால் புரியாது. அண்ணன் எழுதிய ஸ்கிரிப்ட் அந்த ஃபைலை மென்று, கமா போட்ட எண்களாகப் புரோகிராமுக்குள் வரிசையாகத் துப்பும். துப்பிய கையோடு மூல ஃபைலை அழித்தும் விடும். கேட்டால், "நம்பர் ஆயிட்ட பிறகு சத்தம் எதுக்குய்யா?" என்பார்.

ஒருநாள் முதலாளியின் போட்டோவையும் அதற்குத் தின்னக் கொடுத்து, வந்த எண்களை அச்செடுத்துச் சுவரில் ஒட்டினார். முதலாளி வந்து பார்த்தார்.

"என் மூஞ்சி எங்கய்யா?"

"மூணாவது வரில மூக்கு ஆரம்பிக்குது சார்."

போட்டோ போனது போனதுதான்.

அவருக்குத்தான் தொண்டையில் புற்றுநோய் வந்தது. குரல்வளையை எடுத்தாக வேண்டும் என்றார்கள். எங்கள் சிப்பில் நாலு வினாடி ஒலிதான் பிடிக்கும். அந்த நாலு வினாடிக்குத் தன் குரலைப் பதிந்து, ஆபரேஷனுக்கு முதல் நாள் என்னிடம் கொடுத்தார்.

"பொத்தான அமுக்குனா இது பேசணும். நீயே ஏத்திடு. போட்டுக் கேக்காத, வெக்கமா கீது."

மறுநாள் அவர் ஆபரேஷன் தியேட்டரில் இருந்த நேரத்தில்தான் ஏற்ற உட்கார்ந்தேன். ஒலியின் வாலில் எவ்வளவு வெட்டலாம் என்று ஸ்கிரிப்ட் ஒவ்வொரு முறையும் கேட்கும். சைரன் ஊளையில் வால் போனால் யாருக்குத் தெரியப்போகிறது? எப்போதும் அரை வினாடி வெட்டுவோம். என் பாழாய்ப்போன கை, பழக்கத்தில் அதையே தட்டிவிட்டது. நான் நாக்கைக் கடிப்பதற்குள் மூல ஃபைலும் காலி.

உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. டிஸ்சார்ஜ் அன்று பெட்டியைக் கையில் கொடுத்து, ஆட்டோவில் அழைத்துவந்தேன். அவர் மனைவி முன்னாடியே வீட்டுக்கு வந்து சமைத்துக்கொண்டிருந்தார். வாசலில் நின்று அண்ணன் பொத்தானை அமுக்கினார்.

"செல்வி, வந்துட்டேன், கதவத்..."

அவ்வளவுதான். அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். நான் செத்தேன்.

அதற்குள் கதவு திறந்துவிட்டது. கையில் கரண்டியோடு அண்ணி.

"அண்ணி, மீதிய நாந்தான் வெட்டிட்டேன்..." என்று உளறினேன்.

"விடுங்க தம்பி. எம்பேரக் கேட்டதுமே ஓடியாந்துட்டேன். மீதிய யாரு கேட்டா?"

கழுத்துக் கட்டு குலுங்க அண்ணன் சிரித்தார். சத்தமே வரவில்லை.

அதன்பிறகு எட்டு மாதம்தான் இருந்தார். அண்ணி என்னை மன்னித்துவிட்டார். எனக்குத்தான் அண்ணன் குரலில் இன்னும் ஒரே ஒரு வார்த்தை கேட்க வேண்டும்போல் இருக்கிறது.