வெருளிக்கு ஒரு பெல்ட்

"ஹெல்மெட் எங்க? பெல்ட் எங்க? உங்களத்தான் கேக்கிறன்! காது கேக்கலயா?"

மூன்றாம் மாடி விளிம்பில் நின்றவன் அசையவில்லை. நிருஷா கீழே நின்று அண்ணாந்து கத்திக் கத்தித் தொண்டை கரகரத்துப்போனாள். வெயில் அவன் முதுகுப் பக்கமிருந்து அடித்ததில் முகம் தெரியவில்லை. திமிர் மட்டும் நன்றாகத் தெரிந்தது.

"இறங்கி வாங்க! இல்லாட்டி இப்பவே வீட்ட அனுப்புவன்!"

தலைமை மேசன் கனகசூரியம் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார்.

"அவன் எந்த வீட்ட போற மிஸ்? அவன் வெருளி."

வைக்கோல் அடைத்த உடம்பு. கரி பூசிய சட்டித் தலை. நீலக் கட்டம் போட்ட ஒரு சேட். கட்டி முடியாத கட்டடத்தில் கண்ணூறு படாமலிருக்க ஊரெல்லாம் கட்டுவதுதான், நிருஷாவுக்கும் தெரியும். பின்பக்கம் நின்றதை இன்று காலை றோட்டுப் பக்கம் மாற்றிக் கட்டியதுதான் தெரியாது.

மேலே பலகைத்தட்டில் சுவர் பூசிக்கொண்டிருந்த சுதாகரன் சிரித்த சிரிப்பில் சாந்துக் கரண்டி கைநழுவி, அவளுடைய சப்பாத்துக்கு முன்னால் மண்ணில் குத்தி நின்றது.

"சொறி மிஸ்!"

சுதாகரன் தலையிலும் ஹெல்மெட் இல்லை. அது அவனுடைய வீட்டில் இருந்தது. போன கிழமை அதற்குள் இறால் வாங்கிக்கொண்டு போனவன் திருப்பிக் கொண்டுவரவில்லை.

நிருஷா இந்தக் கட்டடத்தின் பாதுகாப்பு அலுவலர். தினமும் மண்டூரிலிருந்து 'பாதை' என்கிற மிதவைப் படகில் வாவியைக் கடந்து களுவாஞ்சிக்குடிக்கு வருகிறாள். வீட்டில் பட்டம் என்று ஒன்றை வாங்கிய முதல் ஆள் அவள்தான். வாங்கிவிட்டுச் சும்மா இருந்த காலத்தில் "படிச்சு என்னத்தக் கண்ட புள்ள?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. இப்போது கிடைத்த வேலையும் இன்னும் நிரந்தரமாகவில்லை. காலையில் கொந்தராத்துக்காரர் சிவதர்ஷன் போனில் அதைத் தேனாகச் சொல்லியிருந்தார்.

"இண்டைக்குப் பாதுகாப்பு இன்ஸ்பெக்டர் வாறார், மிஸ். பொல்லாத மனிசன். அவர் சரி எண்டா நீங்க நிரந்தரம். சைட்ட மூடினாரெண்டா நீங்களும் வீட்டதான்."

நிருஷா வெருளியை மறுபடி பார்த்தாள். படித்த தனக்கே அது ஆளாகத் தெரிந்தால், ஜீப்பில் வருகிற இன்ஸ்பெக்டருக்கு எப்படித் தெரியும்? பெல்ட் இல்லாமல் விளிம்பில் நிற்கிற ஒரு ஆள். அவ்வளவுதான், சைட் மூடல்.

"அதக் கழட்டுங்க, மேசன் பாஸ்."

"கழட்டலாம். மறுகா மிச்சச் சுவர நீங்கதான் பூசவேணும். வெருளி இல்லாத கட்டடத்தில ஒருத்தனும் ஏறமாட்டான்."

"ஹெல்மெட் இல்லாம ஏறுறீங்களே?"

"அது வேற, மிஸ்."

என்ன வேறு என்று கேட்க நேரமில்லை. நிருஷா ஸ்டோரைத் திறந்தாள். வாங்கிய நாளிலிருந்து பொலித்தீன் பிரிக்காமல் கிடந்த பெல்ட்டுகளில் ஒன்றை உருவினாள். ஆள் மாதிரித் தெரிந்தால் தெரியட்டும், ஒழுங்கான ஆளாகத் தெரியட்டும். வெருளியின் தலையில் மஞ்சள் ஹெல்மெட், நெஞ்சில் மினுங்குகிற ஜாக்கெட், இடுப்பில் பெல்ட். பெல்ட்டின் கயிற்றை உத்தரத்தில் கொளுவிவிட்டு இறங்கினாள்.

"மாப்பிள்ள மாதிரி இருக்கான்!" என்றான் சுதாகரன், பெல்ட் இல்லாமல் அந்தரத்தில் நின்றபடி.

"நீங்களும் போடலாம்தானே?"

"எனக்கு இடுப்பில கூச்சம், மிஸ்."

அப்போதுதான் வாவிப் பக்கமிருந்து கச்சான் காற்றுக் கிளம்பியது. ஒரு அடி. வெருளி முன்னுக்குச் சாய்ந்தது. அடுத்த அடியில் விளிம்பைத் தாண்டிக் குப்புற விழுந்தது. பெல்ட் சத்தியமாக வேலை செய்தது. இரண்டாம் மாடி யன்னலுக்கு முன்னால் கையும் காலும் ஆடத் தொங்கியது வெருளி.

றோட்டில் பஸ் கிறீச்சிட்டு நின்றது.

"ஐயோ, ஆள் தொங்குது!"

பஸ்ஸிலிருந்த சனம் முழுக்கப் படலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது. வந்து சரியாகப் பலகைத்தட்டுக்குக் கீழே, எது விழுந்தாலும் தலையில் விழுகிற இடத்தில் கூடி நின்றது. பாதிப் பேர் ஐயோ என்றார்கள், மீதிப் பேர் போனில் வீடியோ எடுத்தார்கள்.

"தள்ளி நில்லுங்க! அது ஆளில்ல, வெருளி!" என்று கத்தினாள் நிருஷா.

"கொம்பனிக்காரர் இப்பிடித்தான் மறைப்பாங்க," என்றார் ஒருவர் வீடியோவுக்கு.

எதிர்த் தேத்தண்ணிக் கடையிலிருந்து ஒரு பெண் அகப்பையோடு ஓடிவந்தாள். சுதாகரனின் மனைவி கேதீஸ்வரி. மேலே பார்த்தாள். நீலக் கட்டம் போட்ட சேட்டைக் கண்டாள். மண்ணில் விழுந்து மாரில் அடித்தாள்.

"ஐயோ, என்ட மனிசன்! போகாத போகாத எண்டு சொன்னனே!"

சுதாகரன் ஏணியால் வழுக்கிக்கொண்டு இறங்கி ஓடிவந்தான். "இஞ்ச நிக்கன் கா! எனக்கொண்டுமில்ல!"

கேதீஸ்வரி அவனைப் பார்த்தாள். சேட்டைப் பார்த்தாள். அழுகை நின்றது.

"அப்ப, என்ட தம்பிட கலியாணத்துக்கு நான் எடுத்துத் தந்த சேட்ட வைக்கலுக்கா போட்ட?"

அகப்பை வேலை செய்யத் தொடங்கியது. சனத்துக்கு இது இன்னும் நல்ல வீடியோ.

நிருஷாவின் போன் அடித்தது. சிவதர்ஷன். "மிஸ்! எங்கட சைட்டில ஒருத்தன் செத்திட்டானாமே? பேஸ்புக்கில ஆழ்ந்த அனுதாபம் போடுறாங்க!"

"ஒருத்தரும் சாகல்ல. இனித்தான் சாகப்போறாங்க," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

தன் இடுப்பில் ஒரு பெல்ட்டை இறுக்கிக்கொண்டு அவளே மேலே ஏறினாள். வெருளியை இழுத்தெடுத்தாள், கழுத்தைப் பிடித்துக் கீழே கொண்டுவந்தாள், ஸ்டோருக்குள் எறிந்து பூட்டினாள். சனத்தைத் துரத்திவிட்டுத் திரும்பியபோது வேலையாட்கள் எல்லாரும் கல் குவியலில் குந்தியிருந்தார்கள்.

"ஏறுங்க!"

"வெருளி இல்லாம ஏலாது, மிஸ்."

"நல்லது. குந்துங்க. இன்ஸ்பெக்டர் வந்து மூடட்டும். எல்லாரும் வீட்ட போவம். வைக்கலுக்கு இருக்கிற மரியாதை உங்கட மண்டைக்கு இல்லையெண்டா நான் என்ன செய்யிற? விழுந்து செத்தா அந்த வெருளியா வந்து உங்கட புள்ளைகளுக்குச் சோறு போடப்போகுது?"

கனகசூரியம் வெறுமையாக நின்ற கட்டடத்தை மேலும் கீழும் பார்த்தார். முதல்தரமாக அதன் உயரம் அவருக்குத் தெரிந்த மாதிரி இருந்தது. வெற்றிலையைத் துப்பினார்.

"அப்ப இனி எங்களுக்கு ஒரு காவலும் இல்ல."

"இல்ல."

"மிஸ்... அந்த ஹெல்மெட் இன்னும் கிடக்கா?"

நிருஷா தன் காதை நம்பவில்லை. ஒருவர் பின் ஒருவராக ஸ்டோர் வாசலில் வரிசையில் நின்றார்கள். ஹெல்மெட் போட்டார்கள், நாடியில் வாரை இறுக்கினார்கள். சுதாகரன் கூச்சத்தையெல்லாம் மறந்து, இடுப்பு பெல்ட்டுக்கு மேலே தோளுக்கும் ஒரு கயிறு கேட்டான். விளிம்பெல்லாம் தடுப்புக் கட்டினார்கள், தட்டுக்குக் கீழே வலை விரித்தார்கள். ஒரு ஆணி கீழே கிடந்தாலும் பயந்து பொறுக்கினார்கள். படிப்பில் படித்த அத்தனையும் அவள் கண்ணுக்கு முன்னால் நடந்தது. இப்படியொரு சைட் இந்த மாவட்டத்திலேயே இல்லை. நிருஷாவுக்குக் கண் கலங்கியது.

ஜீப் வந்து படலையில் நின்றது.

இன்ஸ்பெக்டர் இறங்கினார். கட்டடத்தை அண்ணாந்து பார்த்தார். இடது மூலையிலிருந்து வலது மூலைவரை பார்த்தார். றோட்டைக் கடந்து போய் நின்றும் பார்த்தார். அவருடைய முகம் வெளிறியது. படலைக்குள் வைக்கத் தூக்கிய காலை அப்படியே பின்னுக்கு எடுத்து, விறுவிறென்று ஜீப்பில் ஏறிக் கதவை அடித்துச் சாத்திக்கொண்டார்.

சாரதி ஸாஹிர் இறங்கிவந்து, 'வேலை நிறுத்தம்' என்ற சிவப்பு ஸ்டிக்கரைப் படலையில் ஒட்டத் தொடங்கினான்.

"என்ன பிழை?" நிருஷா கத்தியே விட்டாள். "ஒரு பிழையக் காட்டச் சொல்லுங்க உங்கட சேர! ஹெல்மெட் இல்லையா? பெல்ட் இல்லையா? வலை இல்லையா? இதுக்கு மேல என்ன பாதுகாப்பு வேணும் அவருக்கு?"

ஸாஹிர் ஸ்டிக்கரின் மூலையைப் பெருவிரலால் தேய்த்துவிட்டு, ஜீப்பை ஒருதரம் திரும்பிப் பார்த்தான்.

"கோவிக்காதீங்க மிஸ். பாதுகாப்பெண்டு வந்தா சேர் ஒள்ளமும் விட்டுக்குடுக்க மாட்டார். வெருளி கட்டாத கட்டடத்துக்குள்ள அவர் கால் வைக்கிறேயில்ல."