உள்ளர்த்தம் சொல்லிக் கெடுத்த சம்பந்தம்

நம் மக்களுக்குப் படம் பார்க்கத் தெரியாது என்று பல வருடங்கள் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். (யாரும் மறுத்ததில்லை. பாதிப் பேச்சில் எழுந்து போய்விடுவார்கள்.) அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை, முதலியார்பேட்டையில் ஒற்றை அறை, ஞாயிறு மாலைகளில் திரைப்படக் கழகம். படம் முடிந்ததும் எழுந்து நின்று அதன் உள்ளர்த்தத்தை விளக்குவேன். வாரம் முழுவதிலும் நான் நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசியது அங்கேதான்.

அக்கா எனக்கு ஒரு பெண் பார்த்தாள். பெயர் மலர்விழி, ஆஸ்பத்திரி லேபில் வேலை. போன வருடம்தான் அப்பா தவறிவிட்டார், வீட்டில் அம்மாவும் அவளும் மட்டும். முதலில் இருவரும் ஒரு தடவை பேசிப் பார்க்கட்டும் என்று முடிவானது.

"பீச் ரோட்டுல ஒரு காப்பி வாங்கிக் குடு. அந்தப் பொண்ணப் பத்தி ஏதாவது கேளு. அது போதும்டா," என்றாள் அக்கா.

நான் மலர்விழியைத் திரைப்படக் கழகத்துக்கு அழைத்துப் போனேன்.

படத்தில் ஒரு கிழவர். தினமும் காலையில் டீ போட்டு இரண்டு டம்ளரில் ஊற்றுவார். ஒன்றைக் குடிப்பார், மற்றது ஆறியதும் கொட்டிவிடுவார். அவ்வளவுதான் கதை. எனக்கு விருந்து!

"அந்த ரெண்டாவது டம்ளர் இருக்கே, அது தொழிலாளியோட உழைப்பு. வீணாப் போவுது பாருங்க," என்று காதருகே குனிந்து கிசுகிசுத்தேன். முதல் இரண்டு தடவை தலையாட்டினாள். மூன்றாவது தடவை கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். (முன்வரிசைக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். வியக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.)

விளக்கு போட்டபோது மலர்விழி அழுதுகொண்டிருந்தாள்.

"இதாங்க நம்ம ஆளுங்ககிட்ட பிரச்சன. உணர்ச்சிவசப்பட்டுடறாங்க, உள்ளர்த்தத்த விட்டுடறாங்க," என்றேன், நாலு பேருக்குக் கேட்கும்படி.

"அவரு சம்சாரம் எறந்துட்டாங்க," என்றாள் அவள்.

"எந்த சம்சாரம்?"

"செவுத்துல மால போட்ட போட்டோ இருந்துச்சே. ஆரம்பத்துலேர்ந்து இருந்துச்சுங்க."

நான் பார்க்கவில்லை. அந்தச் சுவரின் பச்சை நிறத்துக்கு மட்டும் மூன்று விளக்கம் கொடுத்திருந்தேன்.

"எங்கம்மாவும் இப்படித்தான். இன்னிக்குக் காலையில கூட அப்பாவுக்கு ஒரு டம்ளர் ஊத்தி வெச்சாங்க."

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். பேசாமலாவது இருந்திருக்கலாம். நான் சொன்னது இது: "அப்படியும் ஒரு கோணத்துல பாக்கலாம்."

"வரேங்க," என்று எழுந்து போனாள். வாசலுக்கு ஓடினேன். அவள் ஏறிய ஆட்டோ தெருமுனையில் திரும்பிவிட்டது.

மறுநாள் அக்காவுக்கு போன் வந்தது. "தம்பி நல்லவருதானாம். ஆனா பக்கத்துல யாரு ஒக்காந்திருக்கான்னே அவருக்குத் தெரியலன்னு எம் பொண்ணு சொல்லுதுங்க," என்றாராம் அந்த அம்மா.

அதோடு முடிந்தது. வேறு இடமும் அமையவில்லை. இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டேன். ஞாயிறு மதியம் அக்கா வீட்டில் சாப்பாடு. டிவியில் சோப்பு விளம்பரம் வந்தால்கூட அக்கா மகள், "மாமா, இந்த நொரைக்கு உள்ளர்த்தம் இன்னா?" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள், நானும்தான்.

போன வாரம் அவளே, "மாமா, நீ ஏன் கல்யாணமே பண்ணிக்கல? அதுக்கு இன்னா உள்ளர்த்தம்?" என்று கேட்டுவிட்டாள். யாரும் சிரிக்கவில்லை. அக்கா கேட்காமலே என் தட்டில் இன்னொரு அப்பளம் வைத்தாள்.

"அதுக்கு உள்ளர்த்தம்லாம் இல்லம்மா. மேலோட்டமாப் பாத்தாலே புரியும்," என்றேன்.