ஆறாத புண்ணும் அலறும் லிப்ட்டும்

அருமைத் தங்கைக்கு அண்ணன் அன்புடன் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் முழு நலத்துடன் இருக்க வேண்டும். நான் முக்கால்வாசி நலம். மீதிக் கால்வாசி, வயிற்றில் கட்டுப்போட்டுக்கொண்டு படுத்திருக்கிறது.

குடலிறக்க ஆபரேஷன் என்பது இந்தக் காலத்தில் பல் பிடுங்குகிற மாதிரிதானாம். எனக்குப் பிறகு வயிற்றைக் காட்டிய பக்கத்துக் கட்டில்காரர் கடைக்குப் போய்க் காய்கறி வாங்குகிறார், பேரம்கூடப் பேசுகிறார். எனக்கோ தையல் ஒரு பக்கம் ஒட்டினால் மறுபக்கம் வாயைத் திறந்தது. சர்க்கரை இல்லை, கிருமி இல்லை என்று எல்லாப் பரிசோதனையும் கைவிரித்த பிறகு, டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டார்:

"நல்லாத் தூங்குறீங்களா?"

"கண்ணை மூடுவேன் டாக்டர்."

"நான் கேட்டது தூக்கம்."

எப்படித் தூங்குவது, நீயே சொல். இந்த அடுக்குமாடிக்கு நான்தான் லிப்ட் மெக்கானிக், குடியிருப்பதும் இதன் கீழ்த்தளத்தில். என் கட்டில் ஒட்டியிருக்கும் சுவருக்கு அந்தப் பக்கம்தான் லிப்ட் ஏறி இறங்குகிறது. நான் படுத்ததும் கம்பெனி ஒரு பெண் மெக்கானிக்கை அனுப்பியது. கெட்டிக்காரிதான், ஆனாலும் புதுசு. லிப்ட் முனகும்போதெல்லாம் என் வயிறு கல்லாக இறுகும், பல்லைக் கடிப்பேன், மேலே போய் நின்று கதவு திறக்கிற சத்தம் கேட்ட பிறகுதான் மூச்சே விடுவேன். யாரோ வீடு மாற்றுகிறேன் என்று பீரோவை ஏற்றிய அன்று எனக்குச் சோறே இறங்கவில்லை.

எல்லாவற்றையும் கேட்ட டாக்டரம்மா, "எந்நேரமும் சண்டைக்கு நிக்கிற மாதிரி உடம்பு இறுகிக் கிடந்தா, புண்ணை ஆத்துற வேலை பின்னால போயிடும். கவலை மட்டும்தான் காரணம்னு சொல்லல, ஆனா அதுக்கும் பங்கு இருக்கு. கவலையை விட்டுட்டு ஓய்வெடுங்க" என்றார்.

அன்று முதல், கவலைப்படுகிறோமே என்கிற கவலையும் சேர்ந்துகொண்டது. போதாக்குறைக்கு மேல்மாடி வாத்தியார் ஆறுதல் சொல்ல வந்தார். "எதுக்கும் மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க. என் மச்சினனும் இப்படித்தான், சின்னப் புண்ணுதானேன்னு இருந்தான்" என்று ஆரம்பித்தவர், மச்சினனை அடக்கம் பண்ணிவிட்டுத்தான் எழுந்தார். உன் அண்ணி அவருக்குக் காபி தரவில்லை.

அப்புறம் ஒரு மதியம், லிப்ட் நடுவழியில் தடாலென்று நின்றது. அபாய மணி அலறியது. உன் அண்ணி "ஏங்க, ஏங்க" என்று கத்துவதற்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியேறிவிட்டேன். மூச்சிரைக்க மூன்றாம் மாடிக்குப் போனால், அந்தப் பெண் நிதானமாக நிற்கிறாள்.

"ஒண்ணுமில்லண்ணே, லிப்டை நடுவுல நிறுத்தி மணி அடிக்குதான்னு சோதிச்சேன்" என்றவள் என் சட்டையைப் பார்த்தாள். "ஐயையோ, ரத்தம்ண்ணே!"

மறுபடியும் ஆஸ்பத்திரி, மறுபடியும் தையல். உன் அண்ணி வழியெல்லாம் திட்டுவாள் என்று நான் காதைத் தயாராக வைத்திருந்தேன். கட்டுப் போட்டு வெளியே பெஞ்சில் உட்கார வைத்த பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"நீங்க இல்லாட்டியும் லிப்ட் ஓடும். நீங்க இல்லாம நான் ஓட மாட்டேன்."

அப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தேன் தங்கச்சி. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது. என் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு அவள் முகம் தெரியவே இல்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

சில நாள் கழித்து அந்தப் பெண் பழங்களோடு பார்க்க வந்தாள். "இப்ப சத்தம் கேக்குதாண்ணே?" என்றாள். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். லிப்ட் போவதும் தெரியவில்லை, வருவதும் தெரியவில்லை.

"கம்பி ஓடுற சக்கரத்துல பேரிங் தேஞ்சிருந்துச்சு. மாத்திட்டேன்."

அந்த முனகல், வயசானால் முட்டி வலிக்கிற மாதிரி என்று குடியிருப்பவர்களிடம் பல வருஷம் சொல்லிவந்தவன் நான். முகம் தொங்கிப்போயிற்று. அதைக் கவனித்தாளோ என்னவோ, "சீக்கிரம் வந்துடுங்கண்ணே. மேல மோட்டார் ரூம் ஒயரிங் உங்களைத் தவிர ஒருத்தருக்கும் புரியாது" என்றாள். பொய்யோ மெய்யோ, கேட்க இதமாக இருந்தது. அவள் போனதும் படுத்தவன், சாயங்காலம் வரை அடித்துப்போட்ட மாதிரி தூங்கினேன். வாயைத் திறந்துகொண்டு தூங்கியதாக உன் அண்ணி சாட்சி சொல்கிறாள். மெதுவாகத்தான் ஆறும், ஆனால் ஆறத் தொடங்கிவிட்டது என்று டாக்டரம்மா நேற்றுச் சொல்லிச் சிரித்தார். அண்ணியும் இப்போது ஒழுங்காகச் சாப்பிடுகிறாள்.

ஆகவே நீயும் எதற்கும் கவலைப்படாதே. மாப்பிள்ளைக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு முத்தங்கள். நீண்ட ஆயுளும் நிறைந்த தூக்கமும் பெற்று நீங்கள் எல்லோரும் வாழ்க.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பி.கு.: இதை உறையின் முதுகில் எழுதுகிறேன். ஆபரேஷன் கதையை உனக்கு எழுதிவிட்டேன் என்று, ஒட்டி முடித்த பிறகுதான் அண்ணியிடம் சொன்னேன், தலையில் அடித்துக்கொண்டாள். உனக்கு ரத்தக்கொதிப்பாம், நான் கவலைப்படுவேன் என்று என்னிடம் மறைத்தார்களாம். நீ கவலைப்படுவாய் என்று என் ஆபரேஷனை உன்னிடம் மறைத்தார்களாம். இரண்டுக்கும் மாப்பிள்ளை கூட்டு. எனவே உறையைப் பிரிக்காதே. எனக்கு ஆபரேஷனே நடக்கவில்லை. உனக்குக் கொதிப்பு எவ்வளவு? உடனே எழுது. அதுவரை எனக்குத் தூக்கம் வராது.