அட்மிரல் கரையிறங்கிய கதை

கடலைக் கண்ணால் பார்க்காமலே இத்தனை போர்க்கப்பல்களை மூழ்கடித்தவர் உலகத்தில் எங்கள் அட்மிரல் ஒருவர்தான். நாங்கள் தினமும் வேலைக்கு ரயிலேறும் ஊரிகம் நிலையத்தில் அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. ஊரில் ஒரு ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், வீட்டில் உட்கார முடியாமல் பெங்களூரில் ஒரு பட்டறைக்குப் போய்வந்தார். அதனால் காலையும் மாலையும் எங்கள் பெட்டியில்தான் உலகப்போர் நடக்கும்.

யாராவது செல்போனில் போர்ச் செய்தி பார்த்தால் போதும், ஆரம்பித்துவிடுவார்.

"கடல் தாண்டிப் போய் ஒரு நாட்டப் புடிக்கிறது இன்னா சும்மாவா? கரையில எறங்கறது பெரிய விஷயமே இல்ல தம்பி. எறங்கினப்புறம் இன்னா பண்ணப் போறே? சோறு வரணும், குண்டு வரணும், பின்னாடியே ஆளு வரணும். அத்த வுட்டுட்டு கரையிலயே குந்திக்கினு டீ குடிச்சா எதிரி முழிச்சிக்குவான். மூட்டையக் கட்ட வேண்டியதுதான்."

அவர் சொன்னதில் எது நிஜம், எது சொந்தச் சரக்கு என்று கண்டுபிடிக்கும் அளவுக்குப் படித்தவர்கள் எங்கள் பெட்டியில் இல்லை. நாங்களும் தலையாட்டி வைத்தோம்.

பேச்சோடு நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்போம். மாலை ரயிலில் இடம் பிடிக்கவும் ஒருநாள் திட்டம் போட்டார். ஒல்லியாக இருந்த பாவத்துக்கு நான்தான் முதல் அலை. பெங்களூரில் வண்டி வந்ததும் ஏறி, எங்கள் கோஷ்டியின் கைக்குட்டைகளை எல்லாம் இருக்கைகளில் விரித்துவிட்டேன். எதிர்ப்பே இல்லை. ஆனால் கோஷ்டியைக் காணோம்! திட்டம் வெளியே தெரியக் கூடாதென்று எல்லாரையும் டீக்கடைக்குப் பின்னால் நிறுத்தி, விசில் அடித்த பிறகுதான் வர வேண்டும் என்று உத்தரவு போட்டிருந்தார் அட்மிரல். விசிலை வீட்டில் மறந்துவிட்டார்.

அதற்குள் வழியில் பங்காருப்பேட்டையில் இறங்குகிற கூட்டம் ஏறிவிட்டது. "இன்னா சார், கர்ச்சீப்பு பாஸ் எடுத்துக்கீதா?" என்று கேட்டுக்கொண்டே ஒருவர் என் கைக்குட்டை மேலேயே உட்கார்ந்தார். வழியெல்லாம் நின்றுகொண்டே வந்தோம். அட்மிரல் முகத்தில் மட்டும் அப்படி ஒரு திருப்தி.

"பாத்தியா? லேண்டிங் சக்சஸ். சப்ளை ஃபெயிலு. நான் சொன்னேன்ல?"

இவ்வளவு பேசுகிறவர் தன் ஒரே மகள் ரேவதியைப் பற்றி மட்டும் வாயே திறக்கமாட்டார். தாயில்லாமல் அவர் வளர்த்த பெண். மனசுக்குப் பிடித்த பையனைக் கட்டிக்கொண்டு சென்னைக்குப் போய்விட்டாள். "இனிமே இந்த வாசப்படி மிதிக்காதே" என்று கத்தியதோடு சரி, பேச்சுவார்த்தை கிடையாது. திடீரென்று ஒரு மாலை, ஊரிகத்தில் இறங்கி நடக்கும்போது என் தோளைப் பிடித்தார்.

"தம்பி, ஞாயித்துக்கிழமை பாப்பா வூட்டுக்குப் போறேன். தப்பு எம்மேலதான்னு சொல்லிடப் போறேன். போன் பண்ண மாட்டேன். முன்னாடியே தெரிஞ்சா கதவச் சாத்திக்கினா இன்னா பண்றது?"

அந்த ஞாயிறு மழை. அடுத்த ஞாயிறு அமாவாசை. அதற்கடுத்த வாரம் மாப்பிள்ளை வீட்டில் இருப்பாராம், எதிர்ப்பு பலமாக இருக்குமாம். கடைசியில் ஒருநாள் ஒரு கூடை மாம்பழத்தோடு நிஜமாகவே போய்விட்டார். மறுநாள் காலை ரயிலில் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னா அண்ணா ஆச்சு?"

"கதவத் தொறந்தா. உள்ள கூப்ட்டா. காபி குடுத்தா. கொழந்தைய மடியில வச்சா."

"அப்புறம்?"

"கடலு பக்கத்துத் தெருதான்னாரு மாப்ள. அலை எப்ப ஏறும், எப்ப எறங்கும், படை எப்ப எறங்கணும்னு அவருக்கு வெளக்கிக்கினு இருந்தேன். வண்டிக்கு நேரமாய்டுச்சி, வந்துட்டேன்."

"கடலையாவது பாத்தீங்களா?"

"அதுக்கெங்க நேரம்?"

"போன விஷயத்தச் சொன்னீங்களா இல்லையா?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "வாய் வரைக்கும் வந்துச்சி தம்பி. அதுக்கு மேல வரல."

அடுத்த மாம்பழக் காலத்தில் மறுபடி போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குள் மார்வலி வந்து போய்விட்டார்.

காரியம் எல்லாம் முடிந்தபின் ரேவதி என்னிடம் வந்தாள். "அன்னிக்கு எதுக்கு வந்தாரு அங்கிள் அப்பா? கடைசி வரைக்கும் யார் யாரோ போட்ட சண்டையத்தான் பேசிக்கினு இருந்தாரு."

"தப்பு தன்மேலதான்னு சொல்ல வந்தாரும்மா" என்றேன்.

"கதவத் தொறந்தப்பவே என் கோவம் போய்டுச்சி அங்கிள். ராத்திரி இங்கியே தங்கிடுங்கப்பான்னு சொல்லணும்னு காயெல்லாம் நறுக்கி வச்சிட்டு வெளிய வரேன், செருப்பு மாட்டிக்கினு நிக்கிறாரு."

எதிரியே இல்லாத கரையிலிருந்து பின்வாங்கி வந்திருக்கிறார் மனிதர். நான் பார்த்தவரை ஒரு நாளும் வண்டியைத் தவறவிட்டவர் இல்லை. அன்றைக்கு ஒரு நாள் தவறவிட்டிருக்கக் கூடாதா, என் அண்ணன்?