கிறீஸ் அண்ணையும் தோட்டா இயந்திரமும்

பலேர்மோவில் எங்காவது ஒரு கதவு கிரீச்சிட்டால், அந்த வீட்டுக்குக் கிறீஸ் அண்ணை இன்னும் போகவில்லை என்று அர்த்தம். எண்ணெய்க் குப்பி இல்லாமல் அவர் வாசல்படி தாண்டியதை யாரும் கண்டதில்லை; ‘கிறீஸ்’ என்ற பட்டமும் அப்படி வந்ததுதான். பல்லரோச் சந்தைப் பக்கம் நாங்கள் கூட்டாக இருந்த வீட்டுக் கதவுக்கும் போட்டுவிட்டார். அதுவரை கதவுச் சத்தம் கேட்டதும் துள்ளி எழுந்து வெங்காயம் உரிப்பதாக நடித்த சோம்பேறிகள் எல்லாம் அன்றோடு கையும் களவுமாகப் பிடிபட்டோம்.

நானும் அவரும் வியா மக்வேதா தெருவுக்குப் பின்னால் ஒரே வீட்டில் வேலை. எனக்குச் சமையல், அவருக்கு மற்றதெல்லாம். முதலாளி சிஞ்ஞோரே முயல் வேட்டைப் பிரியர். சுட்டு முடித்த தோட்டாக் கூடுகளில் மறுபடி வெடிமருந்தும் ஈயச் சன்னமும் அடைக்க ஒரு கைப்பிடி இயந்திரம் வைத்திருந்தார். அடைப்பது அவர், துடைத்து எண்ணெய் விடுவது அண்ணை. துடைக்கும்போது இயந்திரத்தோடு கதைக்கவும் செய்வார்.

“என்ன, இண்டைக்கு முகத்தைத் தூக்கி வைச்சிருக்கிறாய்?”

அந்த வருட ஆயுத பூசைக்கு என் கத்திக்கும் தூசி உறிஞ்சும் மெஷினுக்கும் ஒரு பொட்டுச் சந்தனம். தோட்டா இயந்திரத்துக்கு மட்டும் அண்ணை அள்ளிப் பூசினார்.

அடுத்து வந்த சனிக்கிழமை காலை சிஞ்ஞோரே கைப்பிடியை இழுத்தார். பாதியில் நின்றுவிட்டது. மறுநாள் வேட்டை. மனிதர் குதித்தார்.

“பின்னேரத்துக்குள் சரிவராவிட்டால் நீ வேறு வீடு பார்!”

அண்ணைக்கு முகத்தில் ஈயாடவில்லை. இந்த வேலை இருந்தால்தான் அவருடைய பெர்மெஸோவை, அதாவது இத்தாலியில் தங்கும் அனுமதியை, புதுப்பிக்கலாம். பதறிப்போய் இன்னும் எண்ணெய் விட்டார். கைப்பிடி அடியோடு இறுகிவிட்டது.

“அண்ணை, சந்தனத்தை எங்கை பூசினனீங்கள்?”

“நடுத்தண்டிலை. அதுதானே அதின்ரை நெத்தி!”

ஏறி இறங்கும் தண்டு அதுதான். காய்ந்த சந்தனம் எண்ணெயில் குழைந்து, தண்டு ஓடும் துவாரத்தை அடைத்திருந்தது. அண்ணை தண்டைக் கழற்றி, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் துடைத்து, கடைசியில் மெல்லிய எண்ணெய் ஒரு துளி விட்டார். கைப்பிடி வழுக்கிக்கொண்டு இறங்கியது.

“அந்த மஞ்சள் களி என்ன?” என்றார் பின்னால் வந்து நின்ற சிஞ்ஞோரே.

துரு என்று சொல்லியிருந்தால் தப்பியிருக்கலாம். அண்ணைக்குப் பொய் வராது. தனக்குத் தெரிந்த இத்தாலியனில் உள்ளதைச் சொன்னார்: “சாமிக்கு வைச்சது. இதாலை ஒருவருக்கும் ஒண்டும் நடக்கக் கூடாது எண்டு கும்பிட்டனான்.”

வன்னியில் கேட்ட வெடிச்சத்தமே ஆயுளுக்குப் போதும் என்கிற மனிதர் அவர். சிஞ்ஞோரே அவரையே பார்த்தார்.

“முயலுக்குமா?”

“ஓம், முயலுக்கும்.”

வேலை போச்சு என்று நான் கண்ணை மூடினேன். சிஞ்ஞோரே கதிரையில் விழுந்து சிரித்தார். “அடுத்த முறை இயந்திரத்துக்கு வேண்டாம், அது இருக்கிற மேசைக்குப் பூசு” என்றார்.

ஞாயிறு மாலை சிஞ்ஞோரே ஒரு முயல்கூட இல்லாமல் வெறுங்கையோடு திரும்பினார். அண்ணை நான் சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குள் ஓடிவந்து, வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அண்ணை அப்படிச் சிரித்தால், எனக்கு அந்தக் கிழமை முழுக்க வேறொன்றும் தேவைப்படாது.